கொளத்தூர் தொட்டிகளில் வந்தேறி நத்தை: பொறுக்குவதா, மருந்தா, காயவிடுவதா?

புதுச்செடி வாங்கிப் போட்ட மூன்றாவது வாரம் கண்ணாடியின் உள்பக்கம் கடுகளவு புள்ளிகள் ஊர ஆரம்பிக்கும். இரண்டு மாதம் போனால் ஃபில்டர் வாய், செடியின் அடி, ஹீட்டர் ஒயர் என்று எங்கும் நத்தை. கொளத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர் பக்கம் வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவரும், மாடியில் சிமெண்ட் தொட்டி கட்டி கப்பி, மாலி, ஃபைட்டர் வளர்த்து விற்பவரும் கடையில் போய்க் கேட்பது ஒரே கேள்வி: "இதுக்கு என்ன போடணும்?" கடையில் அன்றைக்கு எது இருக்கிறதோ அதுவே பதிலாக வரும். நீலக் கரைசல், கொலைகார நத்தை, லோச் மீன், ஏதோ ஒன்று.

எல்லா வழியிலும் நத்தை குறையத்தான் செய்யும். எத்தனை நாளில் குறையும், தொட்டியில் வேறு எது சாகும், தொட்டியை விட்டு உயிரோடு என்ன வெளியே போகும் என்பதில்தான் வித்தியாசம். மூன்றாவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாம் கொட்டும் தண்ணீர் மழைநீர் வடிகால் வழியாக ரெட்டேரிக்கோ ஓட்டேரி நல்லாவுக்கோ போகிறது. ஓட்டேரி நல்லா பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. டேங்க் கிளீனர் மீன் ஏரிகளுக்குப் போன வழியும் இதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் கொளத்தூர் தெருக்களில் நின்ற தண்ணீருக்குத் தொட்டி எது, வடிகால் எது என்று தெரியாது.

வந்தேறி உயிர் ஒன்று வெளியே பெருகிவிட்டால் எப்படியிருக்கும் என்பதற்கு வடசென்னைக்காரர் தூரமாகப் போக வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த காக்கா ஆழி எண்ணூர்க் கழிமுகத்தில் பாய் விரித்தாற்போல் படிந்து, இறால் புதையும் சேற்றையே மூடிவிட்டது. அது நத்தை இல்லை, உவர்நீர்ச் சிப்பி. ஆனால் ஒருமுறை வெளியே வேர்விட்டதைத் திரும்பப் பிடுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று காட்டுவதற்கு அது போதும்.

முதலில் எந்த நத்தை என்று பாருங்கள்

மருந்து, மீன், சுண்ணாம்பு எதுவும் எல்லா நத்தைக்கும் ஒரேமாதிரி வேலை செய்யாது. ஒன்றைப் பிடித்துக் கூர்முனை மேலே இருக்க, வாய் உங்களைப் பார்க்க நிறுத்துங்கள். வாய் இடப்பக்கம் இருந்தால் அது ஃபைசா. வட அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது. 1805இல் பிரான்சின் கரோன் ஆற்று நத்தையாகத்தான் இதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். வந்தேறி என்பது பிறகுதான் தெளிவானது. இன்று அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிறது. வலம்புரிச் சங்கும் இந்தத் திசையில் சுழல்வதுதான். சங்குக்கு லட்சக்கணக்கில் விலை பேசுகிறோம், இது செடியோடு ஓசியில் வருகிறது.

வாய் வலப்பக்கம் இருந்து ஓடு மெல்லியதாக இருந்தால் அது லிம்னியா, நம்மூர்க் குளத்து நத்தை. தட்டையாக, சுருட்டிய பெல்ட் போல இருந்தால் கொம்பு நத்தை வகை. அதில் பழுப்பு நிறத்தில் உள்ளூர் இனமும் உண்டு. கடையில் சிவப்பாக, நீலமாக விற்பது பெரும்பாலும் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த இனம். திருகாணி போல நீண்டு கூராக, பகலில் மணலுக்குள் புதைந்து ராத்திரி வெளியே வந்தால் திருகு நத்தை. கடையில் இதற்கு 'மலேசியன் ட்ரம்பெட்' என்று பெயர். இது நம்ம பக்கத்து ஆள்தான். அமெரிக்கக் கண்டங்களுக்கு மீன்தொட்டி வியாபாரத்தில் போய் அங்கே வந்தேறியாகிவிட்டது.

கோலிக்குண்டு அளவு உருண்டையாக, வாயில் மூடியோடு, மஞ்சளாகவோ நீலமாகவோ இருந்தால் 'மிஸ்டரி நத்தை' என்று காசு கொடுத்து வாங்கியிருப்பீர்கள். அமேசான் படுகையைச் சேர்ந்தது. தண்ணீருக்கு மேலே கண்ணாடியில் வெளிறிய பழுப்புக் கொத்தாக முட்டையிடும். அதன் உறவான தங்க ஆப்பிள் நத்தையின் முட்டை பளிச்சென்ற ரோஸ் நிறம். 1980 வாக்கில் சாப்பாட்டுக்கென்று தைவானுக்குக் கொண்டுபோய், விலை போகாமல் வாய்க்காலில் விட்டு, அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா முழுக்க நாற்றைத் தின்னப் பரவியது இதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் இந்தப் பேரினத்தையே தடை செய்தது. நம் வயல் நத்தை வெள்ளை முட்டையை ஈரமண்ணில் வைக்கும். ஆகவே தொட்டிச் சுவரில் ரோஸ் கொத்து தெரிந்தால் யோசிக்க ஒன்றுமில்லை: கையுறை போட்டுக்கொண்டு, அந்த முட்டையில் நஞ்சு உண்டு, சுரண்டி நசுக்குங்கள். தாய் நத்தையையும் தேடிப் பிடியுங்கள்.

ஃபைசாவுக்கும் கொம்பு நத்தைக்கும் ஆண், பெண் இரண்டும் ஒரே உடம்பில். தன்னந்தனியாக வந்த ஒன்றே முட்டையிடும். இலையடியில் கண்ணாடி போன்ற ஜெல்லித் துளியாக இருக்கும் அந்த முட்டை நம்மூர் வெயிலில் ஒரு வாரம், பத்து நாளில் பொரியும். திருகு நத்தை முட்டையே இடாது. குட்டிதான், அதுவும் பெரும்பாலும் ஆண் துணை இல்லாமலே. 'ரெண்டுதானே இருக்கு' என்று விட்டவர்கள் தோற்பது இதனால்தான்.

வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு: தீனிக் குறைப்பும் பொறியும்

இரண்டடி, மூன்றடி தொட்டிக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். மெதுவான வழி, மூன்று நான்கு வாரம் ஆகும். ஆனால் தவறு செய்ய இடம் குறைவு.

நத்தை எண்ணிக்கை என்பது மிச்சத் தீனியின் கணக்கு. மீன் 2 நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு ஒருவேளை, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. மூழ்கும் தீனியிலிருந்து மிதக்கும் தீனிக்கு மாறுங்கள். தரைமட்ட மீன் இருந்தால் அதற்கு மட்டும் ஒரு மாத்திரை, மறுநாள் காலை மிச்சத்தை உறிஞ்சி எடுங்கள். இதைச் செய்யாமல் பொறி மட்டும் வைத்தால் பிடிக்கப் பிடிக்க நிரம்பிக்கொண்டேயிருக்கும்.

பொறிக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகுங்கள். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த வெள்ளரித் துண்டு ஒன்று, மிதக்காமலிருக்க ஒரு கூழாங்கல். விளக்கணைத்ததும் வைத்து, விடிவதற்குள் எடுத்துவிடுங்கள். வெளிச்சம் வந்ததும் திருகு நத்தைகள் வெளியேறி மணலுக்குள் போய்விடும். வெள்ளரியும் ஊறிக் கிடந்தால் தண்ணீரைக் கலக்கும். முதல் வாரம் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்.

பிடித்ததை என்ன செய்வது? டாய்லெட்டில் ஊற்றக் கூடாது, வடிகாலில் வீசக் கூடாது. பாலிதீன் பையில் முடிந்து ஃப்ரீசரில் ஒரு நாள் வையுங்கள், அல்லது கொதிநீரை ஊற்றுங்கள். அதன் பிறகு மக்கும் குப்பையில் போடலாம். வெறும் கையால் நசுக்க வேண்டாம். குளத்து நத்தைகள் ஆடுமாட்டுக்கும் பறவைக்கும் வரும் தட்டைப்புழுக்களைச் சுமப்பவை. சிலவற்றின் இளம்புழு நம் தோலிலும் அரிப்பை உண்டாக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொஞ்சம் ஃபைசா இருந்தால் தொட்டிக்குக் கேடு இல்லை. பாசியையும் அழுகிய இலையையும்தான் மேய்கின்றன. கண்ணுக்கு உறுத்தாத அளவில் நிறுத்திவிட்டு, வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு முடிவுதான். வீட்டுத் தொட்டிக்கு அது தோல்வியே இல்லை.

தின்ன ஓர் உயிரை விடுவது

கடைகளில் அதிகம் சொல்லப்படும் வழி, அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். கிளவுன் லோச் நத்தையை ருசித்துத் தின்னும், உண்மை. ஆனால் ஓரடிக்கு வளரும், கூட்டமாக வைக்க வேண்டும். இரண்டடித் தொட்டியில் அதற்கு என்ன வேலை? கேரள ஆறுகளின் குட்டிப் பஃபர் மீன் கட்டை விரல் நீளம்கூட இருக்காது, குட்டி நத்தைகளைக் கொத்தித் தீர்த்துவிடும். கூடவே கப்பியின் வாலையும் கொத்தும். முதிர்ந்த திருகு நத்தையின் தடித்த ஓட்டிடம் அதன் பல் பலிக்காது. குஞ்சு எடுக்கும் தொட்டியில் இந்த இரண்டையும் நினைத்தே பார்க்காதீர்கள். முட்டையும் குஞ்சும்தான் முதலில் போகும்.

கொலைகார நத்தை என்று விற்கும் வரி போட்ட நத்தை தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது, மற்ற நத்தைகளைத் தின்று வாழ்வது. செய்கிற வேலை சுத்தம்: இரண்டடித் தொட்டிக்கு நாலைந்து விட்டால் இரண்டு, மூன்று மாதத்தில் ஃபைசா அநேகமாக இருக்காது. கடையில் சொல்லாத பாதி இனிமேல்தான். அது மணலுக்குள் ஒளியும், ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் மெதுவாகப் பெருகும், இரை தீர்ந்தாலும் மீன் தீனியில் உயிர்வாழும். ஒரு வந்தேறியைத் தீர்க்க, உள்ளூர் நத்தையைத் தின்னக்கூடிய இன்னொரு வந்தேறியைக் கொண்டுவந்து, பிறகு 'இது அதிகமாயிடுச்சு' என்று கடையில் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஃபைசா ஓட்டேரி நல்லாவின் கறுப்புத் தண்ணீரில்கூடக் காற்றைச் சுவாசித்துப் பிழைக்கும் ஜாதி. அது போய்ச் சேர்ந்த இடத்துக்குப் பின்னாலேயே அதைத் தின்னும் ஒன்றையும் அனுப்பிவைப்பது புத்திசாலித்தனம் இல்லை. இந்த நத்தையை நாங்கள் எந்தத் தொட்டிக்கும் சொல்வதில்லை.

மயில்துத்தம்

நீலக் கரைசல் என்று பாட்டிலில் வருவதும் பொட்டலமாக வருவதும் தாமிர சல்ஃபேட்தான். வேகம் என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை, இரண்டு நாளில் கண்ணாடி வெறிச்சோடும். பிரச்சினை அளவில்.

மீன் பண்ணைகளில் பாசிக்கும் ஒட்டுண்ணிக்கும் புழங்கும் பழைய கணக்கு இது: தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை, 100ஆல் வகுத்தால் வருவது லிட்டருக்குப் போட வேண்டிய மயில்துத்தம், மில்லிகிராமில். 50க்குக் கீழே காரத்தன்மை இருந்தால் போடவே கூடாது, 2.5க்கு மேல் போகவும் கூடாது. ஆறடிக்கு நாலடி சிமெண்ட் தொட்டியில் ஒன்றரை அடித் தண்ணீர் என்றால் சுமார் 1,000 லிட்டர். போர் தண்ணீரின் காரத்தன்மை 200 என்றால் 2 கிராம். சமையலறைத் தராசு 2 கிராமைச் சரியாகக் காட்டாது. அதனால் 20 கிராமை ஒரு லிட்டரில் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, 100 மில்லி எடுத்து, ஏரேட்டர் ஓடும்போது தொட்டி முழுக்கப் பரவலாக ஊற்ற வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது, தாமிரம் அதில் படிந்துவிடும்.

கெட்டுப்போகும் இடங்கள் இனி. மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து பிடிக்கும் வீடுகளில் காரத்தன்மை வாரத்துக்கு வாரம் மாறும். போன மாதம் சரியாக இருந்த அளவு இந்த மாதம் மீனைக் கொல்லும். அடர்ந்த போர் தண்ணீரில் தாமிரம் கட்டுப்பட்டு நத்தை பிழைக்கும், உடனே கை இன்னும் அள்ளும். அந்த இரண்டாவது அள்ளலில்தான் தொட்டி போகிறது. மூடியுள்ள திருகு நத்தையும் மிஸ்டரி நத்தையும் கதவை அடைத்துக்கொண்டு காத்திருக்கும். செத்த ஃபைசா நூற்றுக்கணக்கில் ஒரே ராத்திரியில் அழுகி அம்மோனியாவை ஏற்றும். மறுநாள் காலை மீன் மேலே வந்து வாய் திறந்தால் மருந்தின் மேல் பழி போடுவார்கள், பாதி நேரம் காரணம் இந்த அழுகல்தான். இறால் இருந்தால் ஒன்றுகூட மிஞ்சாது. இத்தனைக்கும் பிறகு அந்தத் தண்ணீர் வடிகாலுக்குப் போகிறது. தாமிரம் அழுகிக் காணாமல் போகும் பொருள் இல்லை. எப்போது பயன்படுத்தலாம் என்று கேட்டால், மீன் வியாதிக்காக எப்படியும் தாமிரம் கொடுக்க வேண்டிய தனித் தொட்டியில் மட்டும். நத்தைக்காக என்று தொடங்க வேண்டாம்.

உப்பு? வழக்கமாகப் போடும் லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் கல்லுப்பு நத்தையை ஒன்றும் செய்யாது. திருகு நத்தை உவர்நீரிலேயே வாழும்.

சிமெண்ட் தொட்டிக்கு: வடித்து, சுண்ணாம்படித்து, காயவிடுவது

விற்பனைக்கு வளர்ப்பவருக்கு நத்தை வெறும் அழகுக் குறை அல்ல. திருகு நத்தையில் வளரும் ஒரு நுண்புழு மீனின் செவுளில் போய்க் கூடுகட்டும். செவுள் மூடி உப்பி, குஞ்சு மூச்சுத் திணறிச் சாகும். நத்தை, மீன், பறவை மூன்றும் வேண்டும் அதன் வாழ்க்கைக்கு. மாடித் தொட்டியில் கொக்கு வந்து உட்கார்ந்தால் மூன்றும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. மீனுக்கு மருந்து கொடுத்தும் மாதாமாதம் திரும்புகிறது என்றால் அடியிலுள்ள மண்ணைக் கிளறிப் பாருங்கள்.

இங்கே பொறி போதாது, மருந்தும் வேண்டாம். மீனைச் சுத்தத் தண்ணீர் உள்ள வாளியில் ஒருமுறை அலசி வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். பழைய தண்ணீரும் செடியும் கூடவே போகக் கூடாது. மீதித் தண்ணீரை நைலான் கொசுவலை இரண்டு மடிப்பு வழியாக வடியுங்கள். மண், சருகு எல்லாவற்றையும் வழித்தெடுத்து மொட்டை மாடியில் தார்ப்பாய் மேல் மெல்லியதாகப் பரப்பிக் காயப்போடுங்கள்.

தொட்டி ஈரமாக இருக்கும்போதே சுண்ணாம்பு. மேலே சொன்ன தொட்டியின் தரையும் சுவரும் சேர்ந்து சுமார் 5 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 150 கிராம் வைத்தால் முக்கால் கிலோ. புதிதாக நீற்றிய சுண்ணாம்பை 4 லிட்டர் தண்ணீரில் குழம்பாகக் கரைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் மூலை, குழாய்த் துவாரம், விளிம்பின் அடிப்பக்கம் விடாமல் பூசுங்கள். மூட்டை பிரித்து மாதக்கணக்கில் கிடந்த சுண்ணாம்பு காற்றுப்பட்டு வெறும் மாவாகிவிடும். அதைப் பூசிவிட்டு 'ஒண்ணும் ஆகலை' என்பவர்கள் நிறையப் பேர். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை கட்டாயம். ஒரு நாள் விட்டு, தேய்த்துக் கழுவி, பத்து நாள் வெயிலில் காயவிடுங்கள். பிறகு ஒருமுறை நிரப்பி வடித்து, இரண்டாவது நிரப்பலில் பி.ஹெச். 8.5க்குக் கீழே இறங்கியதும் மீன் விடலாம்.

காயவிடுவது மட்டும் போதாதா என்றால், ஃபைசாவுக்கு ஓரளவு போதும். மூடியுள்ளவை ஈரப்பதம் ஒட்டிய விரிசலில் கதவடைத்து வாரக்கணக்கில் படுத்திருக்கும். சுண்ணாம்பு அவற்றுக்காக. ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வலையும்தான் மறந்துபோகும் இரண்டு இடங்கள். ஸ்பாஞ்சை ஒரு வாரம் வெயிலில் மொறுமொறுவெனக் காயப்போடுங்கள், அதிலிருந்த நல்ல பாக்டீரியாவும் போகும் என்பதால் புதுத் தண்ணீரில் முதல் இரண்டு வாரம் மீனைக் குறைவாக விடுங்கள். வலை தொட்டிக்கு ஒன்று. ஒரே வலையைப் பத்துத் தொட்டிக்கும் போட்டால் மேலே செய்ததெல்லாம் ஒரே நாளில் வீண்.

வாசலிலேயே நிறுத்த: செடி

நத்தை வருவது செடியிலும் உயிர்த்தீனியிலும்தான். படிகாரமா, பிளீச்சா, பெர்மாங்கனேட்டா என்று கேட்டால் எங்கள் ஓட்டு படிகாரத்துக்கு: லிட்டருக்கு 10 கிராம், ஒரு நாள் ஊறல், பிறகு நன்றாக அலசல். பிளீச் வேகமானது, 5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் 20 பங்கு, ஒன்றரை நிமிடம். அனுபியாஸ் தாங்கும், வாலிஸ்நேரியாவும் மாஸ் செடி வகைகளும் கண்ணாடியாகக் கரைந்துவிடும். ரோஸ் நிறப் பெர்மாங்கனேட் குளியல் நத்தையைக் கழற்றும், ஜெல்லிக்குள் உள்ள முட்டையை எப்போதும் கொல்லும் என்று நம்ப முடியாது.

இந்த மூன்றையும்விட நம்பகமானது தனி டப். வெறும் பிளாஸ்டிக் டப்பில் செடியை நாலு வாரம் வைத்து, மூன்று நாளைக்கு ஒருமுறை இலையடியைத் தடவிப் பாருங்கள். முட்டையாக வந்தது அதற்குள் நத்தையாகி மாட்டிக்கொள்ளும். அவசரமென்றால் திசு வளர்ப்புக் கப்பில் வரும் செடி வாங்கலாம். விலை கூடுதல், நத்தை கிடையாது.

மீன் இல்லாத பழைய தண்ணீரை வெளியே விடும்போது 1,000 லிட்டருக்கு 100 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, இரண்டு நாள் வெயிலில் குளோரின் வாடை போகும்வரை வைத்து வடிக்கலாம். மயில்துத்தம் போட்ட தண்ணீருக்கு இந்த வேலை உதவாது.

காயவிடும் வேலைக்கு ஏப்ரல், மே மாதம்தான் சரி. கத்திரி வெயிலில் பத்து நாள் என்பது ஆறு நாளாகக்கூடக் குறையும். ஐப்பசியில் தொடங்கினால் தொட்டி காயவே காயாது. அந்த வருடம் தவறவிட்டவர்கள் அக்டோபர் பிறப்பதற்குள் தண்ணீர்மட்டத்தை விளிம்பிலிருந்து அரையடி கீழே இறக்கி, வழிந்தோடும் குழாயின் வாயில் கொசுவலையைக் கிளிப் போட்டு இறுக்கிவிடுங்கள். அடைமழையில் அந்த வலை சருகால் அடைபடும். தினமும் காலையில் கழற்றி உதற வேண்டும், உதறுவது வாளிக்குள், வடிகாலுக்குள் அல்ல.